ரோசரி அக்கா பேட்டை

வேலூர் மத்திய சிறை
14-2-1960

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள ரோசரிக்கு உன் வீட்டுக்காரன் சவரிநாதன் எழுதுறது. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீயும் பிள்ளை லூர்துவும் சுகமா இருக்கணும்னு தினம் ஜெபத்துல சொல்லிக்கிறேன். சிரிக்காதே. இங்க வந்தா எல்லாருக்கும் ஜெபம் வந்துடுது.

நாளைக்கு விடுதலையாகிற கும்பகோணத்துக்காரர் ஒருத்தர் கையில இதை மறைவா குடுத்து விடறேன். அதனால மனசு விட்டு எழுதலாம். தபால்ல வர்றதையெல்லாம் ஆபீசுல பிரிச்சுப் படிக்கிறாங்க. அதனால நீ எழுதுறப்ப சாராயம்னு எழுதாதே, எண்ணெய்னு எழுது. மாமூல்னு எழுதாதே, வாடகைன்னு எழுது.

திருச்சி ஜெயில்ல வச்சா உள்ளேயிருந்தே காந்தி மார்க்கெட்டை நடத்திடுவேன்னு பயந்துதான் என்னை இவ்வளவு தூரம் தள்ளியிருக்காங்க. உறையூர்க்காரனைக் குத்தினதுக்கு அஞ்சு வருஷம். சரி, கழியும். அதுவரைக்கும் எல்லாத்தையும் நல்லதம்பி பார்த்துக்குவான். மீசை முளைக்காத வயசுல ஸ்ரீரங்கம் மேலூர்லேருந்து வாழைத்தார் வண்டியில வந்தவன், இன்னிவரைக்கும் என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை. கொள்ளிடக் கரை நாணலுக்குள்ள நம்ம சாராய அடுப்பு எரியுதுன்னா அது அவன் சொந்தக்காரங்க தயவு. சின்னம்மா மகன் பிலோமின்ராஜ் வெங்காய மண்டியை மட்டும் பார்க்கட்டும். அவனுக்குக் கோபம் ஜாஸ்தி, புத்தி கம்மி.

நான் மூட்டை தூக்க வந்த காலத்துல அந்த மார்க்கெட்டுல எனக்குப் பேரே கிடையாது. 'டேய்'னுதான் கூப்பிட்டாங்க. இன்னிக்கு நான் நடந்து வந்தா மண்டிக்காரன் பீடியை அணைக்கிறான். அது சும்மா வந்ததில்லை. உனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், நீ அந்தப் பக்கம் தலைகாட்டாதே. அது பொம்பளைங்க நிக்கிற இடம் இல்லை.

பிள்ளையைத் தவறாம பூசைக்குக் கூட்டிட்டுப் போ.

உன்
சவரிநாதன்


பாலக்கரை, திருச்சி
20-3-1960

தேவமாதா உங்களைக் கைவிடாம இருக்கட்டும்.

லூர்து அப்பாவுக்கு ரோசரி வணக்கமா எழுதுறது. இங்க நானும் பிள்ளையும் சுகம். அவளுக்கு ரெண்டு நாள் சளி இருந்துச்சு, தூதுவளை ரசம் வச்சுக் குடுத்தேன், விட்டுடுச்சு. அங்க களிதான் போடுறாங்களாமே. உங்களுக்கு வயித்துல ஆகாதேன்னு நினைச்சுக்கிட்டு எனக்கும் சோறு இறங்க மாட்டேங்குது.

நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு தெரிஞ்சும் ஒண்ணு எழுதுறேன். போன வாரம் நல்லதம்பியை சந்தேகக் கேஸ்ல ஸ்டேஷன்ல உக்கார வச்சுட்டாங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டு உறையூர் ஆளுங்க காலையிலயே வெங்காய மண்டியில வந்து நின்னுட்டாங்க. இனிமே வாடகை எங்களுக்குத்தான்னு சொல்றாங்களாம். பிலோமின்ராஜ் கத்தியை எடுத்துட்டாரு. ஆளுங்க ஓடி வந்து, "அண்ணி, நீங்க வந்தாத்தான் அடங்குவாரு"ன்னாங்க. நான் என்ன செய்ய? பூசைக்குக் கட்டின சேலையோட ஜட்கா ஏறிப் போனேன்.

உறையூர்க்காரன் ஒருத்தன், "என்னம்மா, புருஷன் உள்ள, பொண்டாட்டி வெளியவா?"ன்னான்.

அவன் மூஞ்சி தெரிஞ்ச மூஞ்சியா இருந்துச்சு. "நீ இருசம்மாள் மகன்தானே? உங்கம்மா பெரியாஸ்பத்திரியில கிடந்தப்போ கஞ்சி கொண்டு வந்தது யாருன்னு வீட்டுல போய்க் கேட்டுட்டு வா. அப்புறம் வாடகை பேசலாம்"னேன். மூட்டைக்காரங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. அவனுக்குக் கழுத்து வரைக்கும் சிவந்து போச்சு. வந்தவங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். ஒரு சொட்டு ரத்தம் சிந்தலை.

மறுநாள் நல்லதம்பி வெளிய வந்தார். வாசல்லயே நின்னு, "நான் போயிருந்தா ரெண்டு பேரு சாஞ்சிருப்பாங்க, அண்ணி"ன்னுட்டுப் போனார். எண்ணெய் வியாபாரம் குறைவில்லை. நீங்க கவலைப்படாம இருங்க.

உங்கள்
ரோசரி


வேலூர்
8-5-1960

ரோசரிக்கு ஆசீர்வாதம். நான் சுகம். செருப்பு தைக்கிற பக்கம் போட்டிருக்காங்க. ஊசி குத்தி விரல் எல்லாம் ஓட்டை.

பிலோமின்ராஜ் மனு போட்டு வந்து பார்த்துட்டுப் போனான். உன் கடுதாசியில இல்லாததை எல்லாம் சொன்னான். நீ ஒரு நாள்தான் மார்க்கெட்டுக்குப் போனேன்னு எழுதியிருக்கே. அவன், அண்ணி வாராவாரம் போறாங்கன்றான். கருநீலச் சேலை கட்டிக்கிட்டுப் போறியாம். அது நான் ஈஸ்டருக்கு எடுத்துக் குடுத்தது. மூட்டைக்காரன் பார்க்கறதுக்கா எடுத்துக் குடுத்தேன்?

நல்லதம்பியைப் பத்தி எழுதுறப்ப 'வந்தார், போனார்'னு எழுதியிருக்கே. இந்தக் கையால சோறு போட்டு வளர்த்தவன் அவன். அவனுக்கு எதுக்கு 'ர்'?

இன்னொண்ணு. முன்னெல்லாம் உன்னை அண்ணின்னு கூப்பிட்டவன் இப்ப அக்கான்றானாமே? அண்ணின்னு கூப்பிட்டா உனக்கும் அவனுக்கும் நடுவுல நான் நிக்கிறேன். அக்கான்னு கூப்பிட்டா நான் எங்கே நிக்கிறேன்?

பதில் எழுது. லூர்து படிப்பைப் பத்தியும் எழுது.

சவரிநாதன்


பாலக்கரை
5-6-1960

லூர்து அப்பாவுக்கு, உங்க விரல் ஆறணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன். நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.

நீங்க கேட்டதுக்குப் பதில். ஆமா, வாராவாரம் போறேன். ஒரு தடவை போனதுக்கப்புறம் ஆளுங்க, எங்க பஞ்சாயத்தைத் தீர்த்து வைங்கன்னு வீட்டு வாசலுக்கு வர ஆரம்பிச்சுட்டாங்க. பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீட்டுல அது நல்லா இல்லைன்னு நானே அங்க போயிடறேன். கருநீலச் சேலை அழுக்கு தெரியாது, அதனால கட்டுறேன். வெங்காயச் சருகுல வெள்ளைச் சேலையா கட்ட முடியும்?

நல்லதம்பிக்கு 'ர்' வேணாம்னா எடுத்துடறேன். நல்லதம்பி வந்தான். நல்லதம்பி போனான். போதுமா? நேத்து வந்தான், காப்பி குடுத்தேன், வாசப்படியில உக்காந்து குடிச்சான். என் அக்கா டோரதி கூட இருந்தா. வேணும்னா அவளைக் கேட்டுக்குங்க. அக்கான்னு அவன் மட்டுமா கூப்பிடறான்? மார்க்கெட்டே கூப்பிடுது. யார் ஆரம்பிச்சு வச்சாங்கன்னே எனக்குத் தெரியாது.

உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? கண்டதையும் நினைச்சு மனசைப் புண்ணாக்கிக்காதீங்க. கீழே பிள்ளை எழுதுறேன்னு அடம் பிடிக்கிறா.

ரோசரி

அப்பாவுக்கு லூர்து முத்தம். நான் ஐந்தாம் வகுப்பு பாஸ். நல்லதம்பி சித்தப்பா எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். இப்போது பிடிக்காமலே ஓட்டுகிறேன். நீங்கள் வந்ததும் ஓட்டிக் காட்டுவேன்.


வேலூர்
18-9-1960

ரோசரிக்கு,

மூணு மாசமா நான் எழுதலை. எழுதப் பிடிக்கலை. உடம்புக்கு ஒண்ணும் இல்லை.

போன மாசம் திருச்சிப் பையன் ஒருத்தனை இங்க கொண்டாந்து போட்டாங்க. எண்ணெய்க் கேஸ். வந்த அன்னிக்குக் களி வாங்கற வரிசையில நிக்கிறப்ப மேஸ்திரி அவனைக் கேட்டாரு, "நீ எந்தப் பேட்டைடா?"

அவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "ரோசரி அக்கா பேட்டை"ன்னான்.

எனக்கு முன்னால ரெண்டே ஆள் தள்ளி நிக்கிறான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியலை. மத்தவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நானும் அவங்களோட சேர்ந்து சிரிச்சேன். சிரிச்சுட்டுத் தட்டை வாங்கிக்கிட்டு மூலையில போய் உக்காந்தேன், ஒரு வாய் இறங்கலை.

அந்தப் பேட்டைக்காக என் முதுகுல எத்தனை தழும்பு இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். நீதான் மஞ்சள் அரைச்சுப் போட்டவ. இருந்திருந்து அது இப்ப உன் பேருல இருக்கு. நீயா இப்படிப் பண்ணியிருக்க மாட்டே. நல்லதம்பி உன்னை முன்னால நிறுத்தி வச்சுட்டுப் பின்னால நின்னு ஆட்டி வைக்கிறான்னு பிலோமின்ராஜ் சொல்றான். எனக்கும் அப்படித்தான் படுது.

நல்லதம்பியைக் கரூர் பக்கம் அனுப்பு. மார்க்கெட் மொத்தத்தையும் பிலோமின்ராஜ்கிட்ட விட்டுட்டு நீ வீட்டோட இரு. இது நான் கேட்டுக்கிறது இல்லை, சொல்றது.

சவரிநாதன்


பாலக்கரை
16-10-1960

சேசு மரி சூசை துணை.

லூர்து அப்பாவுக்கு, உங்க உடம்பும் மனசும் ஆறுதலா இருக்கணும். நாங்க இருக்கோம்.

நீங்க சொன்னதை என்னால செய்ய முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை நான் உங்களுக்குச் சொன்னதில்லை. இப்ப சொல்ல வேண்டியிருக்கு.

பிலோமின்ராஜ் வாடகை குடுக்கலைன்னு வேலம்மாளோட கீரைக்கூடையை நடுரோட்டுல எட்டி உதைச்சார். வயசானவ, விழுந்து கை பிசகிடுச்சு. நான் மண்டி நடுவுல நின்னு, "இனிமே கூடை வச்சு விக்கிற பொம்பளைங்ககிட்ட வாடகை கிடையாது"ன்னு சொல்லிட்டேன். அவர், "அண்ணன் போட்ட வாடகையைத் தள்ளுபடி பண்ண நீ யாரு?"ன்னு கத்தினார். நான் பதில் சொல்றதுக்குள்ள மூட்டைக்காரங்க அவரைச் சுத்தி நின்னுட்டாங்க. அந்தக் கோபத்துலதான் உங்ககிட்ட வந்து வத்தி வைக்கிறார்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? பொம்பளைங்க போலீஸ் வர்றதை முன்கூட்டியே நமக்குச் சொல்ல ஆரம்பிச்சாங்க. எண்ணெய் ஒரு தடவை கூடப் பிடிபடலை. உறையூர்க்காரங்களே சமாதானம் பேச வந்தாங்க. வரகநேரியிலேருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் இப்ப நமக்கு எதிரின்னு யாரும் இல்லை. நீங்க இருந்தப்பகூட இப்படி இருந்ததில்லைன்னு சொல்றாங்க. இதை எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. எழுதிட்டேன்.

என்னை யாரும் ஆட்டி வைக்கலை. நல்லதம்பி நான் கேட்டா சொல்லுவார், கேக்கலைன்னா சும்மா இருப்பார். அவ்வளவுதான். உங்களுக்காகத்தான் கட்டிக் காக்கிறேன்னு எழுதினா நீங்க சந்தோஷப்படுவீங்க. அது முக்கால்வாசி நெசம். நான் வந்தா அவங்க எழுந்து நிக்கிறாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு. அது மீதிக் கால்வாசி.

நீங்க வந்ததும் எல்லாம் உங்களோடதுதான்.

ரோசரி


வேலூர்
15-12-1960

என் அன்பு ரோசரிக்கு,

பிறக்கப்போற பாலன் உனக்கும் லூர்துவுக்கும் எல்லா நன்மையும் தரட்டும். இங்க கோயில்ல குடில் கட்டறோம், ஒட்டகம் நான் செஞ்சேன், கழுதை மாதிரி இருக்கு.

உன் கடுதாசியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். முதல்ல கோபம். அப்புறம் யோசிச்சேன். நீ சொன்னது சரி. இருக்கிறபடியே இருக்கட்டும். பிலோமின்ராஜும் வந்திருந்தான், கண்டிச்சு அனுப்பியிருக்கேன்.

நல்லதம்பியை நான் தப்பா நினைச்சுட்டேன். அவன் உடம்பை ஜாக்கிரதையாப் பார்த்துக்கச் சொல்லு. இன்னும் அந்தப் பழைய சைக்கிள்லதான் ஊருக்குப் போறானா? காவேரிப் பாலம் வழியாத்தானே? இருட்டுறதுக்குள்ள கிளம்பிடறானா, இல்லை பையன்கள் யாராச்சும் துணைக்குப் போறாங்களா? பனிக்காலம், அதனால கேக்கிறேன். அவன் பொண்டாட்டி வள்ளிக்கண்ணு முழுகாம இருக்கான்னு கேள்விப்பட்டேன். பிரசவத்துக்கு அங்கதானா?

விவரமா எழுது. உன் கடுதாசி வந்தாத்தான் எனக்குப் பண்டிகை.

உன்
சவரிநாதன்


பாலக்கரை
2-1-1961

லூர்து அப்பாவுக்கு உங்கள் ரோசரி ஆயிரம் வணக்கம். புது வருஷப் பூசையில உங்களுக்காக அழுது வேண்டிக்கிட்டேன். சந்தோஷ அழுகைதான். உங்க கடுதாசியைப் படிச்சதும் நெஞ்சுல கிடந்த பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்துச்சு. நான் கல்யாணம் பண்ணிக்கிட்ட மனுஷன் திரும்பி வந்துட்டார்னு டோரதிகிட்ட சொன்னேன்.

நல்லதம்பிகிட்ட நீங்க விசாரிச்சதைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிடுச்சு. "அண்ணன் என்மேல வருத்தமா இருக்காங்கன்னு ஆளுங்க சொன்னாங்கக்கா. நம்பலை. இப்பத்தான் தெம்பா இருக்கு"ன்னார்.

இன்னும் அதே சைக்கிள்தான். துணைக்கு யாரையும் கூட்டிக்கிறதில்லை, எதிரிதான் யாருமில்லையே. போன வாரம் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துல பாலத்துல உருட்டிக்கிட்டே போனாராம். வள்ளிக்கண்ணுவுக்கு மாசம் ஆயிடுச்சு. அதனால இப்பல்லாம் பொழுது சாயறதுக்கு முன்னாலயே கிளம்பிடறார். தலைபோற வேலை இருந்தாலும் நிக்கிறதில்லை. "அவ வாசல்லயே நிப்பாக்கா"ன்னு சொல்லிக்கிட்டே பெடலை மிதிக்கிறார். கொடுத்து வச்சவ.

பிரசவம் மேலூர்லதான். பிள்ளை பிறந்ததும் எழுதுறேன்.

உங்கள்
ரோசரி


வேலூர்
12-3-1961

ரோசரிக்கு,

சுகமா? பிள்ளை சுகமா? ஜனவரிக்கப்புறம் உன்கிட்டேயிருந்து ஒரு வரி இல்லை. போன மாசமும் ஒண்ணு போட்டேன். தபால் தவறிப் போயிருக்கலாம்.

மார்க்கெட்டுல ஏதோ நடந்ததாச் சொல்றாங்க. முழு விவரம் தெரியலை. என்கிட்ட போலீஸ் வந்து ஏதேதோ கேட்டாங்க. நான் வேலூர்ல இருக்கேன், எனக்கென்ன தெரியும்னு சொன்னேன்.

உடனே பதில் போடு.

சவரிநாதன்


ஸ்ரீரங்கம்
20-8-1961

சவரிநாதன் அவர்களுக்கு,

உங்க நாலு கடுதாசியும் வந்து சேர்ந்துச்சு. முழு விவரம் தெரியலைன்னு எழுதியிருந்தீங்க. இதோ விவரம்.

பொங்கலுக்கு முந்தின நாள் நல்லதம்பி ரெண்டு கரும்பை சைக்கிள்ல கட்டிக்கிட்டுக் கிளம்பினார். வெளிச்சம் இருந்துச்சு. காவேரிப் பாலத்துல பாதி தாண்டறப்ப பிலோமின்ராஜும் இன்னும் ரெண்டு பேரும் மறிச்சு வெட்டினாங்க. பஸ்ஸு நின்னு ஜனம் பார்த்துக்கிட்டு இருக்கிறப்பவே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தப்போ உயிர் இல்லை.

மறுநாள் விடியக்காலையில பிலோமின்ராஜ் பின்வாசல் வழியா என் வீட்டுக்குள்ள வந்தார். கையைக்கூடச் சரியாக் கழுவலை. "அண்ணி, இனிமே அண்ணன் நிம்மதியாத் தூங்குவாரு"ன்னார்.

"அவர் தனியாத்தான் போவார், பொழுதோட போவார்னு உனக்கு யார் சொன்னா?"ன்னு கேட்டேன்.

"நீங்கதானே அண்ணி எழுதியிருந்தீங்க? அண்ணன்தான் சொல்லி அனுப்புனாரு"ன்னார்.

அவர் தண்ணி கேட்டார். குடுத்தேன். குடிச்சுட்டுப் போனதும் லூர்துவை டோரதி வீட்டுல விட்டுட்டு பஸ் ஏறி மேலூர் போனேன். வள்ளிக்கண்ணு என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்க இருந்துமா?"ன்னு ஒண்ணுதான் கேட்டா. அவளை வண்டியில உக்கார வச்சுக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பிலோமின்ராஜ் சொன்னதைச் சொன்னேன். நாணலுக்குள்ள எங்கெங்க அடுப்பு இருக்குன்னும் சொன்னேன். எண்ணெய்னு சொல்லலை. சாராயம்னே சொன்னேன்.

அதுக்கப்புறம் ஊர் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. மேலூர்க்காரங்க அரிவாளோட பாலத்தைத் தாண்டி வந்தாங்க. உறையூர் ஆளுங்க இதுதான் சமயம்னு சந்துல புகுந்தாங்க. நம்ம ஆளுங்களே ரெண்டா மூணாப் பிரிஞ்சு ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் குடுத்தாங்க. மாசி முடியறதுக்குள்ள பாதிப் பேர் ஜெயில்ல, மீதிப் பேர் தலைமறைவு. மூட்டைக்காரங்க சங்கம் வைக்கப்போறோம், நீங்க வந்து நாலு வார்த்தை பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. போனேன். "இனிமே சவரிநாதன் பேருலயோ ரோசரி பேருலயோ எவன் வந்து கை நீட்டினாலும் குடுக்காதீங்க"ன்னேன். அன்னிக்கு எழுந்து நின்னாங்க. நான் உக்காருங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதோட அந்தப் பேட்டை முடிஞ்சது.

கோர்ட்டுல பிலோமின்ராஜுக்கு ஆயுள் தண்டனை. நீங்க சொல்லித்தான் செஞ்சார்னும் சொன்னேன். "உன் புருஷன் சொன்னதை உன் காதால கேட்டியா?"ன்னு வக்கீல் கேட்டார். இல்லைன்னேன். உங்க பேர் தப்பிச்சுடுச்சு.

வள்ளிக்கண்ணுவுக்குப் பெண் குழந்தை. நானும் லூர்துவும் இங்க அவ தெருவுலயே குடி வந்துட்டோம். வாழை இலைக் கட்டு வாங்கி ஹோட்டலுக்குப் போடறோம்.

இனிமே எழுதாதீங்க.

ரோசரி


எடமலைப்பட்டி புதூர்
27-6-1965

ரோசரிக்கு,

எழுதாதீங்கன்னே. நாலு வருஷம் எழுதலை. பிப்ரவரியிலேயே விட்டுட்டாங்க. இங்க ஒரு ரைஸ் மில்லுல வாட்ச்மேனா இருக்கேன். உடம்பு பாதியாயிடுச்சு, மூச்சு வாங்குது. நீங்க எல்லாரும் சுகமா இருக்கணும்.

போன வாரம்தான் தைரியம் வந்து மார்க்கெட்டுக்குப் போனேன். பழைய ஆள் ஒருத்தனையும் காணோம். பாதிப் பேர் ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் அலைஞ்சே தேஞ்சு போயிட்டாங்களாம். இளவட்டம் எல்லாம் திருவெறும்பூர்ல புதுசா வந்த பாய்லர் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போயிடுச்சு. கத்தி பிடிச்சவன் மகன் காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு சைரனுக்கு ஓடறான். பழ மண்டி முன்னால நின்னேன். சங்கத்து பேட்ஜ் குத்தின பையன் ஒருத்தன், "பெரியவரே, ஓரமா நில்லுங்க, மூட்டை இறங்குது"ன்னான்.

"தம்பி, இங்க சவரிநாதன்னு ஒருத்தர் இருந்தாரே, தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"எந்தச் சவரிநாதன்? ரோசரி அக்கா வீட்டுக்காரரா? அவர் செத்துட்டார்னு சொன்னாங்களே"ன்னான்.

ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

உன்னைத் திரும்பி வான்னு கேக்க எனக்கு வாய் இல்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அஞ்சு வருஷமா இதை நினைச்சு நினைச்சு என் மண்டை வெந்துபோச்சு. இப்பவும் பொழுது சாஞ்சா பாலத்துமேல அவன் சைக்கிள் போறதும், நீ வாசல்ல நின்னு பார்க்கிறதும்தான் கண்ணுக்குள்ள ஓடுது. உனக்கும் நல்லதம்பிக்கும் ஏதாவது இருந்துச்சா? இல்லைன்னு ஒரு வார்த்தை எழுது. நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன்.

சவரிநாதன்


மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
11-7-1965

லூர்து அப்பாவுக்கு,

நாங்க சுகம். மூச்சு வாங்குதுன்னு எழுதியிருக்கீங்க. பெரியாஸ்பத்திரியில போய்க் காட்டுங்க, சும்மா விடாதீங்க. லூர்துவுக்குப் பதினாறு முடியப்போகுது, எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறா. நீங்க விடுதலையானதை அவகிட்ட சொல்லிட்டேன். பார்க்கணும்னு அவ கேட்டா நான் தடுக்க மாட்டேன். இதுவரைக்கும் கேக்கலை. நான் வரமாட்டேன்.

நீங்க கேட்டதுக்கு வர்றேன். உங்க ஒரு ஆளுக்குத்தான் பொறாமை வரும்னு நினைச்சுக்காதீங்க. எனக்கும் இருந்துச்சு. நல்லதம்பி மேல இல்லை, வள்ளிக்கண்ணு மேல. பொழுது சாயறப்ப அவர் எதுக்கும் நிக்காம கிளம்பிடுவார். நான் ஏதாவது ஒரு பேச்சை எடுத்துக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்ப்பேன். காதுல விழும், ஆனா கால் பெடல்மேல இருக்கும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். நீங்க ஒரு நாளாவது எனக்காக அப்படி வீட்டுக்கு ஓடி வந்ததில்லை. மார்க்கெட்டே என்னைப் பார்த்து எழுந்து நின்னப்பகூட, வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிற அந்தப் பொண்ணுதான் என்னைவிடப் பெரியவள்னு தோணும். இதை அவகிட்டயே சொல்லிட்டேன். இலைக்கட்டுக்கு நார் கிழிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம், "எனக்கு உங்கமேல இருந்துச்சுக்கா. பகல் பூரா உங்களோடதானே இருந்தார்"னா.

இல்லைங்க. எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லை. என் விரல்கூட அவர்மேல பட்டதில்லை. லூர்துவைச் சாட்சியா வச்சுச் சொல்றேன்.

இந்த வார்த்தை வந்தா நிம்மதின்னு எழுதியிருந்தீங்க. குடுத்துட்டேன். நிம்மதி வருதான்னு பாருங்க.

மருந்தை வேளா வேளைக்குச் சாப்பிடுங்க.

ரோசரி